கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது?

நண்பர்களே, வணக்கம்.

வேலையிடத்தில் நல்ல உறவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிரித்த முகமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். அவை இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு குழுவில் நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி வேறு. வேலை ஒன்று கெட்டுப்போனால் அந்தச் செய்தி உங்கள் காதுக்கு எப்போது வருகிறது? அன்றைக்கே வருகிறதா, வாடிக்கையாளர் சத்தம் போட்ட பிறகு வருகிறதா? உங்களிடம் சொல்லப் பயந்து நாலு பேர் அதை மூடி வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே இருப்பது வெறும் மரியாதைதான்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றிய ஆய்வில் அவர் சேர்ந்திருந்தார். இணக்கமாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அப்புறம் விசாரித்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறு நடந்தால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, சேர்ந்து பேசிச் சரிசெய்ய முடிந்தது. மற்ற இடங்களில் தவறு நடந்தாலும் வெளியே தெரியவில்லை. குறையே கேள்விப்படாத மேலாளர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கதை இதைவிடப் பெரியது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் ஓயாத சண்டை. வேலைக்கு வராதவர்கள் பல நாட்களில் 20 சதவீதத்தைத் தொட்டார்கள். எது நடந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பழுதோடு போகும் காரை யாரோ கடைசியில் பார்த்துக்கொள்வார்கள். 1982இல் ஆலையை மூடிவிட்டார்கள்.

1984இல் அதே கட்டடத்தை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாகத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான். தொழிற்சங்கமும் அதேதான். மாறியது என்ன? ஒவ்வொருவர் கைக்கு எட்டும் தூரத்திலும் ஒரு கயிறு தொங்கியது. கோளாறு தெரிந்தால் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். ஒரு சாதாரணத் தொழிலாளி முழு ஆலையையும் நிறுத்தலாம், அதற்காக அவரை யாரும் திட்ட மாட்டார்கள். வேலைக்கு வராதவர்கள் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தார்கள். அங்கே தயாரான கார்களின் தரம் அந்த நாட்டின் மிகச் சிறந்த ஆலைகளோடு போட்டி போட்டது.

கயிற்றைத் தொங்கவிடுவது சுலபம். இழுத்தால் வேலை போகாது என்று தொழிலாளியை நம்ப வைப்பது எப்படி? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். முடிந்தவரை யாரையும் ஆட்குறைப்புச் செய்ய மாட்டோம் என்று நிர்வாகம் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுப்பது யாராலும் முடியும். ஆனால் 1987, 88 வாக்கில் விற்பனை சரிந்து உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தபோதும் அவர்கள் ஆட்களை அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள், வேலைமுறையை மேம்படுத்தும் பணியில் ஈடுபடுத்தினார்கள். நிறுவனத்துக்குப் பணம் செலவான அந்த மாதங்களில்தான் வாக்குக்கு மதிப்பு வந்தது. செலவில்லாத வாக்கைக் காப்பாற்றுவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

செய்தி பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஒன்றே போதும். குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடினார்கள். இடையில் இருந்த அதிகாரிகளோடு அந்த எச்சரிக்கை நின்றுவிட்டது. ஏவலாம் என்று கடைசி முடிவெடுத்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள்.

சரி, நம் மேசைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன வேலை முடியாது என்று புதன்கிழமை உங்களுக்குத் தெரிந்துவிட்டால், புதன்கிழமையே சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு இரண்டு நாள் கிடைக்கும், அவர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்வார். வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அவருக்கு எதுவும் மிஞ்சாது. தாமதத்தைப் பலர் மன்னிப்பார்கள், தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை மன்னிக்க மாட்டார்கள். இப்படிச் சொல்லும்போது கூடவே புதிய தேதி ஒன்றையும் கொடுங்கள், அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால் பொறுப்பு இன்னும் அதிகம். கெட்ட செய்தியோடு ஒருவர் வந்து நிற்கும்போது, உங்கள் முதல் வாக்கியத்தைப் பக்கத்து மேசையில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "யார் செய்தது?" என்று ஆரம்பித்தால், அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். "இப்போது என்ன நிலைமை, என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். காரணத்தை நாளைக்கு ஆராயலாம், ஆராயவும் வேண்டும்.

உண்மையைச் சொன்னால் அதையே ஆயுதமாக்கும் மேலதிகாரிகளும் உண்டு. அவர்களிடமும் மறைக்காதீர்கள். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் தேதியோடு எழுதி வையுங்கள். சின்ன விஷயங்களில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லி நான் இந்த மேடைக்கு வரவில்லை.

கடைசியாக, வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களைக் கேட்டுப் பார்த்தார். அடிக்கடி சந்திக்கும் நபர் மூலம் கிடைத்தது சுமார் 17 சதவீதத்தினருக்குத்தான். சுமார் 28 சதவீதத்தினருக்கு வழிகாட்டியவர், அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்த ஒருவர். அப்படி எப்போதாவது பார்க்கும் மனிதர் உங்களைச் சிபாரிசு செய்ய வேண்டுமென்றால், அவர் கையில் இருப்பது முன்பு நீங்கள் வேலை செய்த விதம் பற்றிய நினைவு மட்டுமே. விலகும் கடைசி வாரத்தைப் பலர் விருந்திலும் விடைபெறுவதிலும் கழித்துவிடுகிறார்கள். முதலில் உங்கள் இடத்துக்கு வருபவரோடு உட்காருங்கள். எது முடியவில்லை, எந்த வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார், எந்தக் கணக்கு இடிக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி, அவரிடம் கொடுக்கும் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.