போர் முடிஞ்சுது, கெடுபிடி முடியல: சேலம் 1946

[காட்சி: ஏற்காடு ரோடு. மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு.]

வணக்கம். சேலத்துல இருந்து ஏற்காடு போறப்ப இந்த வளைவைத் தாண்டித்தான் போவீங்க. உள்ள இருந்த ஸ்டுடியோ இப்ப இல்ல. டி. ஆர். சுந்தரம் நூறு படத்துக்கு மேல எடுத்த இடம் இது. இரண்டாம் உலகப் போர் இந்தக் கேட்டுக்குள்ளயும் வந்துச்சு. பீரங்கியா வரல, பிலிம் தட்டுப்பாடா வந்துச்சு.

1945 ஆகஸ்ட் 15ல ஜப்பான் சரணடையுது. செப்டம்பர் 2ல கையெழுத்து. அதுக்கப்புறம் ஒரு வருஷம் சேலம் எப்படி இருந்துச்சுன்னுதான் இந்த வீடியோவுல பார்க்கப் போறோம். இங்க குண்டு விழல, ஒரு கட்டடமும் இடியல. ஆனா தறி, சோறு, சினிமா, காப்பின்னு எல்லாத்துக்கும் மேல போர்க்காலச் சட்டம் உக்காந்திருந்துச்சு. அது எப்ப எந்திரிச்சுப் போச்சுங்கறதுதான் கேள்வி.

[காட்சி: பிலிம் ரீல் சுத்துது.]

முதல்ல சினிமா. பிலிம் அப்ப கப்பல்ல வரணும். கடல்ல போர். அதனால அரசாங்கம் கச்சா பிலிமுக்கு லைசென்ஸ் போட்டுச்சு. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாதுன்னும் உத்தரவு. கணக்குப் பார்த்தா ரெண்டு மணி நேரம். பாட்டு மேல பாட்டா அடுக்கி மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டிக்கிட்டிருந்த தமிழ்ப் படத்துக்கு இது பெரிய வெட்டு. என்னைக் கேட்டா, கொஞ்சம் நல்லதும் நடந்துச்சுன்னுதான் சொல்வேன். கதையைச் சுருக்கமாச் சொல்லக் கத்துக்கிட்டது அப்பத்தான்.

போருக்கு ஆதரவாப் படம் எடுக்கச் சொல்லி நெருக்கடியும் இருந்துச்சு. அந்தக் காலத்துல சேலத்துல இருந்து வந்த படம் 'பர்மா ராணி'. சுந்தரமே இயக்கி, ஜப்பானிய ராணுவ அதிகாரியாவும் நடிச்சார். திரையில ஜப்பான்காரன்தான் வில்லன்.

[காட்சி: டெல்லி செங்கோட்டையின் பழைய படம்.]

இப்ப இதைக் கவனிங்க. 1945 நவம்பர்ல செங்கோட்டையில விசாரணை ஆரம்பிக்குது. கூண்டுல நின்னவங்க ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஜப்பானோட சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்ட நேதாஜி படையோட அதிகாரிங்க. நாடே அவங்க பக்கம் நின்னுச்சு. ஆயுள் தண்டனை கொடுத்த கையோட, 1946 ஜனவரி தொடக்கத்துலயே விடுதலை பண்ண வேண்டியதாப் போச்சு. அந்தப் படையில மலாயா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச தமிழர்கள் ஏராளம். நேத்து திரையில எதிரியைப் பார்த்துக் கை தட்டின அதே ஜனம், இன்னிக்கு அந்த எதிரியோட தோள் சேர்ந்து நின்னவங்களை வீரர்னு கொண்டாடுது. ரெண்டுக்கும் நடுவுல சில மாசம்தான் இடைவெளி.

இதுல இன்னொரு வேடிக்கை. போர்ச் செய்திப் படம் எடுக்கறதுக்குன்னு அரசாங்கம் வச்சிருந்த பிரிவை 1946ல மூடிட்டாங்க. அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தப்ப, அதைப் படம் பிடிக்க அரசாங்கத்துக்குச் சொந்தமா ஒரு பிலிம் பிரிவு கிடையாது. பிலிம்ஸ் டிவிஷன் வந்தது 1948லதான்.

[காட்சி: பழைய ரூபாய் நோட்டுகள்.]

1946 ஜனவரி 12. ஒரு அவசரச் சட்டம். 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டு செல்லாது. போர்ல கள்ளச்சந்தை நடத்திக் குவிச்ச பணத்தைப் பிடிக்கத்தான்னு சொன்னாங்க. மொத்தம் சுமார் 144 கோடி ரூபாய் நோட்டுல 135 கோடி கிட்ட திரும்பி வந்துடுச்சு. அப்புறம் எதைப் பிடிச்சாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. தறிக்காரர் வீட்டுக்கு இந்தச் சட்டத்தால ஒரு பாதிப்பும் இல்ல. 500 ரூபாய் நோட்டை அவங்க கண்ணால பார்த்திருந்தாத்தானே?

[காட்சி: குழித்தறி. நாடா ஓடற சத்தம்.]

அவங்க கவலையே வேற. நூல்.

குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைன்னு தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட ஊர் இது. குண்டஞ்சு வேட்டிக்குப் பேர் போன ஊர். கையால நெய்யறாங்கன்னாலும் நூல் மில்லுல இருந்துதான் வரணும். மில்லுங்க ராணுவத்துக்குத் துணி நெய்யத் திரும்பிடுச்சு. ஜப்பான்ல இருந்து வந்துக்கிட்டிருந்த நூலும் துணியும் 1941லயே நின்னு போச்சு. 1943ல துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துச்சு. விலையை அரசாங்கம் நிர்ணயிக்கும், நூலைக் கோட்டா போட்டுக் கொடுக்கும். கையில கோட்டா இருந்தா பாவு, அதாவது தறியில நீளவாட்டுல போடற நூல், ஓட்டலாம். இல்லாட்டி கூடுதல் விலை கொடுத்துக் கள்ளச்சந்தையில வாங்கணும்.

அந்தக் கோட்டா நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் வழியாவும் வந்ததால, 1935லயே மாகாணச் சங்கம் தொடங்கியிருந்தும் அசட்டையா இருந்தவங்ககூட சங்கத்துல சேர ஆரம்பிச்சாங்க. அந்த மாகாணச் சங்கம்தான் இன்னிக்கு நாம பார்க்கற கோ-ஆப்டெக்ஸ். கொள்கைக்காகச் சேர்ந்தவங்களும் இருந்திருப்பாங்க. ஆனா சங்கத்தை வளர்த்தது நூல் பஞ்சம்தான்னு நான் நினைக்கறேன்.

1946 ஏப்ரல் 30ல சென்னை மாகாணத்துல பிரகாசம் தலைமையில காங்கிரஸ் மந்திரிசபை வந்துச்சு. இனிமே நூல் தாராளமாக் கிடைக்கும்னு எதிர்பார்த்தா, புது மில்லுக்கே அனுமதி இல்ல, கதர்தான் வழின்னுட்டார் பிரகாசம். ராட்டை நூலை வச்சு மெல்லிசு வேட்டி நெய்யறது எப்படின்னு தறிக்குழியில உக்கார்ந்திருக்கறவருக்குத்தான் தெரியும். அடுத்த மார்ச்சுலயே அவர் பதவி போச்சு. அதுக்குக் காரணம் நிறைய, இதுவும் அதுல ஒண்ணு.

[காட்சி: ரேஷன் கடை, தராசு.]

சோத்துக்கு வருவோம். 1942ல பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னுடுச்சு. போர் முடிஞ்சா சரியாயிடும்னு பார்த்தா, 1945 கடைசியில வடகிழக்குப் பருவமழை ஏமாத்திடுச்சு. 1946ல ரேஷனை ஆளுக்கு நாளொன்னுக்கு 12 அவுன்ஸாக் குறைச்சாங்க. 340 கிராம் தானியம், அவ்வளவுதான். சண்டை நடந்தப்பக் கிடைச்சதை விட சமாதானத்துல கிடைச்சது கம்மி. சேலத்துக்காரங்களுக்குக் கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் புதுசில்ல. ஆனா பாவு நூல் விறைப்பா நிக்கக் கஞ்சி போடவும் தானியம் வேணுமே!

[காட்சி: நாள்காட்டி. 1946 அக்டோபர் 1.]

இந்தத் தேதியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. செப்டம்பர் 30 ராத்திரியோட இந்தியப் பாதுகாப்புச் சட்டம் காலாவதி. துணி, நூல், தானியம் எல்லாத்தையும் கட்டிப் போட்டிருந்த அதிகாரம் அதுல இருந்துதான் வந்துச்சு. அப்ப மறுநாள் காலையில எல்லாம் அவிழ்ந்துடணும் இல்லையா? அவிழல. அக்டோபர் 1ல இருந்து அத்தியாவசியப் பொருள் வழங்கல் அவசரச் சட்டம். பேருலயே 'தற்காலிக அதிகாரங்கள்'னு போட்டிருந்தாங்க. அந்தத் தற்காலிகம் 1955 வரைக்கும் நீண்டுச்சு. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு வந்த அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இன்னிக்கும் இருக்கு. ரேஷன் அரிசியைக் கடத்தினாங்கன்னு செய்தியில வருதே, அந்த வழக்கு இந்தச் சட்டத்துலதான் போடறாங்க.

அதே அக்டோபர் 1ல சேலம் ஜில்லாவுல கள்ளுக்கடையும் மூடுச்சு. இது ரெண்டாவது தடவை. இங்க வக்கீலா இருந்து நகரசபைத் தலைவராவும் ஆன ராஜாஜி, 1937 அக்டோபர் 1ல மாகாணத்துலயே முதல் முதலா மதுவிலக்கு கொண்டு வந்தது சேலம் ஜில்லாவுலதான். கள்ளு வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல பொது விற்பனை வரி போட்டாங்க. போர் நடுவுல அதிகாரிங்க ஆட்சி, வருமானம் வேணும்னு கடையைத் திறந்துட்டாங்க. சரி, விற்பனை வரியை எடுத்தாங்களா? அது எப்படி எடுப்பாங்க!

[காட்சி: சேர்வராயன் மலை, காப்பித் தோட்டம்.]

கடைசியா மலைக்கு ஏறுவோம். ஏற்காட்டுக் காப்பி 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காலத்துல வந்தது. போர்ல ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும் காப்பி விலை படுத்துடுச்சு. தோட்டக்காரங்களைக் காப்பாத்த 1942ல சட்டம் போட்டு காப்பி போர்டு அமைச்சாங்க. வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்சக் காப்பி முழுக்க போர்டோட பொதுக் கிடங்குக்குப் போயிடணும். விக்கறது போர்டு. பணம் தவணை தவணையா வரும். சின்னத் தோட்டக்காரருக்கு விலை சரியாதுங்கற தெம்பு. அதே நேரம் தன் காப்பியைத் தானே விக்க முடியலையேங்கற வயித்தெரிச்சல்.

1946ல கப்பல் மறுபடி ஓட ஆரம்பிச்சாச்சு, கிடங்கு முறை மட்டும் அசையல. அது தளர ஆரம்பிச்சது 1990கள்ல. ஏற்காட்டுத் தோட்டக்காரர் எல்லாரும் தன் மூட்டையை விரும்பின வியாபாரிக்கு முழுசா வித்துக்கலாம்னு ஆனது 1996லதான்.