நான்தான் மடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்து நிமிடத்தில் அதையே நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடும்போது எந்தப் பிள்ளையும் 'அவுட்' ஆகி ஓரமாக உட்காரக் கூடாது.

யார் முதலில் அவுட் ஆகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மெதுவாக ஓடுகிற பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, இடித்துத் தள்ளத் தெரியாத பிள்ளை. ஓடியாட வேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம். அதைத்தான் நாம் முதல் ஆளாக உட்கார வைக்கிறோம்.

மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரத்து ஊர் ஒன்றில் பல வருடம் ஆசிரியையாக இருந்தேன். தொடக்கப் பள்ளியில் விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் கிடையாது, வகுப்பு டீச்சர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் எனக்குத் தெரிந்த மியூசிக்கல் சேரையே நடத்தினேன். நாற்காலிக்குப் பதில் மண்ணில் வட்டம், பாட்டுக்குப் பதில் சத்துணவுத் தட்டில் கரண்டியால் தட்டுவது. அதில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எப்போதும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவாள். பூவரச மரத்தடியில் உட்கார்ந்து இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவாள். பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். விளையாட்டு 20 நிமிடம் நடந்திருந்தது. அவள் ஓடியது அரை நிமிடம்கூட இருக்காது.

அன்றைக்கு மனசு உறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அறுபது நிமிடம் எங்கே, அரை நிமிடம் எங்கே!

விடை கடற்கரையில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிள்ளைகள் மணலில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரைவலை விளையாட்டு. நாலு பேர் கைகோர்த்தால் வலை, மற்றவர்கள் மீன். சிக்கிய மீன் வெளியே போகாது, வலையோடு கைகோர்த்துக்கொள்ளும். கை விட்டுப்போனால் வலை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி கோர்த்த பிறகுதான் மீன் பிடிக்கலாம். அதாவது சிக்கின பிறகும் ஓட்டம் நிற்பதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை அதையே பள்ளிக்கூடத்தில் ஆட விட்டேன். பூவரச மரத்தடிப் பெண் சீக்கிரமே சிக்கிக்கொண்டாள். சிக்கியவள் நேரே வலையின் நடுவில் போய் நின்று, "டீச்சர், நான்தான் மடி" என்றாள். நம் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க மீன் கடைசியில் வந்து சேருகிற இடம் மடி. ஓரத்தில் இருக்கிற வேகமான பையன்கள் இரண்டு பேரும் வளைத்துக்கொண்டு வர, சாளையும் நெத்திலியுமாக மீன்களெல்லாம் தப்ப வழியில்லாமல் அவளிடமே வந்து மோதின. ஒவ்வொன்றையும் கோர்த்த கையை விடாமலே மடக்கிப் பிடித்தாள். முகமெல்லாம் வியர்வையும் மணலும். மெதுவாக ஓடுகிறவள் என்று நான் வைத்திருந்த பேர் அன்றோடு போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து அவள் அம்மா வந்தார். கடலில் பாசி எடுக்கப் போகிறவர், விரலில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. "என்ன டீச்சர் பண்றீங்க, இப்பல்லாம் சாப்புட்ட கையோட தூங்கிப்போறா" என்றார். எனக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

ஆட வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வலை எட்டுப் பேரைத் தாண்டினால் இழுபட்டு, நடுவில் இருக்கும் சின்னப் பிள்ளையின் தோள்பட்டை வலிக்கும். எட்டுப் பேர் சேர்ந்ததுமே நாலு நாலாக இரண்டு வலையாகப் பிரித்துவிடுங்கள்.

கொலை கொலையா முந்திரிக்கா? நல்ல விளையாட்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் முப்பது பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் ஓடுவது இரண்டு பேர், பார்ப்பது இருபத்தெட்டுப் பேர். பத்துப் பத்தாக மூன்று வட்டம் போடுங்கள். லாக் அண்ட் கீ-யில் தொட்டதும் சிலையாக நிற்கிற பிள்ளையை இன்னொரு பிள்ளை தொட்டு விடுவிக்கலாம், அதனால் அதுவும் சரி. திரும்பவும் சொல்கிறேன், யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அப்புறம் தரை. நம் பக்கம் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கும், அறுந்த நைலான் வலைத் துண்டும் கிடக்கும், அது காலில் சுற்றினால் பிள்ளை முகம் குப்புற விழும். ஆடுமுன் பிள்ளைகளையே வரிசையாக நடக்கவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள், அதையும் அவர்கள் விளையாட்டாகவே செய்வார்கள். பத்து மணிக்கு மேல் மணல் கொதிக்கும், வெறுங்காலோடு விடாதீர்கள். இப்போது காலை உணவுத் திட்டம் வந்த பிறகு வெறும் வயிற்றோடு ஓடி மயங்கி விழும் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் சாப்பிட்டதும் ஓட விடாமல் அரை மணி நேரமாவது கழியட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மழை நாளில் வகுப்பறைக்குள் ஆடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இயலவில்லை. பெஞ்சை ஓரமாகத் தள்ளி, டீச்சர் சொல்கிற மீன் மாதிரி நண்டு மாதிரி நடக்கச் சொன்னாலே போதும். கடைசியாக ஒன்று மட்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை வகுப்பில் இருந்தால் விசிலோடு சேர்த்து ஒரு சிவப்புத் துண்டையும் உயர்த்தி வீசுங்கள், அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து ஓடும்.

வணக்கம்.