துவைத்த பிறகும் சட்டையில் தங்கும் வியர்வை நாற்றம்

[காட்சி: இஸ்திரி மேசையின் மீது, உட்புறம் வெளியே தெரியுமாறு விரிக்கப்பட்ட நீல நிற விளையாட்டு டி-ஷர்ட்.]

வணக்கம். மேசையில் கிடக்கும் இந்த டி-ஷர்ட் நேற்று துவைக்கப்பட்டு, இன்று பகல் முழுவதும் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்தது. மடிப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தபோது சலவைத்தூளின் மணத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இப்போது இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, அக்குள் பகுதியின் மீது மெல்லிய துணி ஒன்றைப் போட்டு ஒரே ஒரு முறை ஓட்டுகிறேன். சூடு பட்ட உடனேயே, நறுக்கி வைத்து மறந்துபோன வெங்காயத்தோடு சிக்குப் பிடித்த எண்ணெயையும் கலந்தது போன்ற ஒரு நெடி எழுகிறது. துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த துணியில் இந்த நெடி இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், அதை வெளியேற்றும் வழி தானாகவே விளங்கிவிடும்.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டு வரைபடம், இரண்டு வகைச் சுரப்பிகள் வேறு வேறு நிறத்தில்.]

நம் உடலில் வியர்வைச் சுரப்பிகள் இரண்டு வகையாக இருக்கின்றன. உடல் முழுவதும் இலட்சக்கணக்கில் பரவியிருக்கும் முதல் வகை, உடலைக் குளிர்விப்பதற்காக உப்பு கலந்த நீரைச் சுரக்கிறது. அதில் நாற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் மட்டும் செறிந்திருக்கும் இரண்டாவது வகை, பருவ வயதில்தான் செயல்படத் தொடங்குகிறது. புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு கெட்டியான திரவத்தை அது சுரக்கிறது. சுரந்த அந்தக் கணத்தில் இதற்கும் வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் கொரினிபாக்டீரியம், ஸ்டஃபிலோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிதைக்கும்போது வெளிவரும் கழிவைத்தான் நாம் வியர்வை நாற்றம் என்கிறோம்.

அந்தக் கழிவில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆட்டுக்கிடாயின் கொச்சை வாடையை நினைவூட்டும் கொழுப்பு அமிலங்கள். மற்றொன்று, வெங்காய நெடி வீசும் கந்தகச் சேர்மங்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒன்றுக்குப் பயன்படும் மருந்து மற்றொன்றுக்குப் போதாது.

[காட்சி: ஒரே அளவிலான இரண்டு துணித் துண்டுகள், பருத்தியின் மீது நீர்த்துளி ஊறிப்போகிறது, பாலியஸ்டரின் மீது சற்று நேரம் உருண்டு நிற்கிறது.]

அடுத்ததாக, துணியின் பங்கைப் பார்ப்போம். பருத்தி இழை நீரை விரும்பி உறிஞ்சக்கூடியது. சாதாரண அறைக் காற்றிலேயே அது தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடு கூட வைத்துக்கொள்வதில்லை. பெட்ரோலியத்திலிருந்து பிறந்த இழை என்பதால் அது நீரை விலக்கி, எண்ணெயைச் சேர்த்துக்கொள்கிறது. உடலிலிருந்து வரும் எண்ணெய்ப்பசையும், அதில் கரைந்திருக்கும் நாற்றச் சேர்மங்களும் பாலியஸ்டர் இழையில் படிந்து தங்க, குளிர்ந்த நீரில் கரைந்த சலவைத்தூள் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. சூடு படும்போது அந்தப் படிவு ஆவியாகிறது. இஸ்திரிப் பெட்டியின் கீழும், அணிந்த சிறிது நேரத்தில் உடல் சூட்டிலும் நெடி மீண்டும் கிளம்புவது இதனால்தான்.

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. 26 பேர் பருத்தி, பாலியஸ்டர், கலப்புத் துணி எனப் பலவகைச் சட்டைகளை அணிந்து ஒரு மணி நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தார்கள். அந்தச் சட்டைகள் 28 மணி நேரம் அப்படியே வைக்கப்பட்ட பின்னர், பயிற்சி பெற்ற குழுவினரால் முகர்ந்து மதிப்பிடப்பட்டன. பாலியஸ்டர் சட்டைகளின் நாற்றம் பருத்திச் சட்டைகளைவிடக் கடுமையாகவும் விரும்பத்தகாததாகவும் இருந்ததுடன், மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அவற்றில் செழித்து வளர்ந்திருந்ததும் தெரியவந்தது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 28 மணி நேரம்தான். உடற்பயிற்சி முடிந்து பைக்குள் திணிக்கப்பட்ட சட்டையும், மறுநாள் துவைத்துக்கொள்ளலாம் என்று வாளியில் சுருட்டிப் போட்ட சட்டையும் அதே சோதனையைத்தான் நம் வீட்டில் நடத்திக்கொண்டிருக்கின்றன.

[காட்சி: கரி படிந்த பெரிய பானை, அதன் வாயைச் சுற்றி அடுக்கப்பட்ட துணிகளின் இடையே ஆவி.]

தீர்வுக்கு வருமுன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்ததைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். உவர்மண் கரைத்த நீரில் துணிகளை முக்கியெடுத்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவிட்டு, விடிந்ததும் ஆற்றில் அடித்து அலசி, வெயிலில் விரித்தார்கள். உவர்மண்ணின் சாரம் சோடா உப்புகள். அந்தக் காரம் துணியில் படிந்த கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து அவற்றை நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். ஆவியின் சூடு பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஓடும் நீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். வேதியியல் பெயர்கள் எதுவும் தெரியாமலேயே, காரம், சூடு, அலசல், வெயில் என்ற வரிசையை அந்தத் தொழில் பிழையில்லாமல் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஆனால் அது பருத்திக்கான முறை. பாலியஸ்டரையும், அதோடு நெய்யப்படும் நீளும் ஸ்பேண்டெக்ஸ் இழையையும் அப்படி வேகவைத்தால் துணி சுருங்கி உருக்குலைந்துவிடும். எனவே வரிசையை வைத்துக்கொண்டு, சூட்டைக் குறைத்து, அந்தக் குறையை வேறொன்றால் ஈடுசெய்ய வேண்டும்.

[காட்சி: பிளாஸ்டிக் வாளி, பாத்திரம் துலக்கும் திரவம், வெள்ளைத் தூள் நிரம்பிய கிண்ணம், பழைய பல்துலக்கி.]

சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அக்குள் பகுதியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டுகளை விட்டு மெதுவாகத் தேய்த்து அரை மணி நேரம் விடுகிறேன். இது எண்ணெய்ப்பசையை இளக்குவதற்கான முதல் படி. இதைத் தவிர்த்துவிட்டால் அடுத்து வரும் எதுவும் இழையைச் சென்று தொடாது. பழைய பல்துலக்கியின் மென்மையான நுனி போதும். துணி துவைக்கும் கெட்டித் தூரிகை பின்னலைப் பிய்த்துவிடும்.

இரண்டாவது படியின் நாயகன் சோடியம் பெர்கார்பனேட். கடைகளில் ஆக்ஸிஜன் வெளுப்பான் அல்லது கறைநீக்கித் தூள் என்ற பெயரில் விற்கப்படும் பல பொருள்களின் மூலப்பொருள் இதுவே. நீரில் போட்டதும் இது இரண்டாகப் பிரிகிறது: ஒன்று சலவைச் சோடா, மற்றொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. சலவைச் சோடா, உவர்மண் செய்த அதே வேலையைச் செய்து கொழுப்பு அமிலங்களைக் கரையவைக்கிறது. காரத்தால் மட்டும் மடங்காத வெங்காய நெடிக் கந்தகச் சேர்மங்களை பெராக்சைடு ஆக்ஸிஜனேற்றம் செய்து வாடையற்றவையாக மாற்றுகிறது. சுருக்கமாகச் சொல்வதானால், வெள்ளாவிப் பானையின் காரம் ஒரு பொட்டலத்தில் ஆக்ஸிஜனோடு வந்து சேர்ந்திருக்கிறது.

நான்கு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூள் என்பது நான் வழக்கமாக எடுக்கும் அளவு. பொட்டலத்தில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீர் 40 டிகிரி செல்சியஸ் அளவில், அதாவது கையை வைத்தால் நன்றாகச் சுடுவது போலவும், ஆனால் எடுக்கத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இந்தத் தூள் மிக மந்தமாகவே வேலை செய்யும். தூள் முழுவதும் கரைந்த பிறகு சட்டையை அமிழ்த்தி, நான்கு முதல் ஆறு மணி நேரம் ஊறவிடுங்கள். சிறு குமிழிகள் எழுவதைக் காண்பீர்கள். வெளியேறும் ஆக்ஸிஜன்தான் அது. கரைத்த நீரைப் பிறகு பயன்படுத்தலாம் என்று பாட்டிலில் அடைத்து மூடிவிடாதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடக்கூடும். உலோக வாளியும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் செம்மை படிந்து வருமானால் அதிலுள்ள இரும்பு பெராக்சைடைத் துணியைத் தொடுமுன்பே சிதைத்துவிடும் என்பதால், இந்த ஒரு வாளிக்கு மட்டுமாவது வேறு நீர் எடுங்கள். பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால் அவற்றை இந்த வாளியின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஊறியதும் வழக்கம்போல் துவைத்து, நுரை முற்றிலும் போகும்வரை அலசுங்கள். நொதிகள் சேர்ந்த சலவைத்தூளாக இருந்தால் நல்லது. கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதியை டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1988இல் சலவைத்தூளுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல சலவைத்தூள்களில் அது சேர்க்கப்படுகிறது.

[காட்சி: வினிகர் பாட்டிலும் ஆப்பச் சோடாப் பொட்டலமும்.]

இந்தத் தலைப்பில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் அறிவுரை, வினிகரும் ஆப்பச் சோடாவும் கலந்து ஊறவையுங்கள் என்பது. பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிய பிறகு வாளியில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த வெறும் தண்ணீர். ஆப்பச் சோடாவைத் தனியாகப் பயன்படுத்தினால், மென்மையான காரம் என்ற அளவில் அமில வாடைக்கு ஓரளவு பலன் உண்டு. வினிகரைத் தனியாகக் கடைசி அலசலில் சேர்த்தால், சலவைச் சோடாவின் மிச்சமும் உப்புநீரின் படிவும் நீங்கித் துணி மிருதுவாகும். நாற்ற அமிலத்தை இன்னொரு அமிலத்தால் போக்க முடியாது என்பதால், வினிகரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். குளோரின் வெளுப்பானோடு மட்டும் வினிகரை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். மூச்சை முட்டவைக்கும் குளோரின் வாயு வெளிவரும். அந்த வெளுப்பான் ஸ்பேண்டெக்ஸ் இழையையும் அரித்துவிடும்.

துணியை மணக்கவைக்கும் கண்டிஷனர் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இழையின் மீது கொழுப்புத்தன்மை கொண்ட மெல்லிய படலத்தைப் பூசுகிறது. விளையாட்டு உடையில் அந்தப் படலம் வியர்வையை உறிஞ்சவும் விடாது, பழைய எண்ணெயை வெளியேறவும் விடாது. இந்த நீலச் சட்டைக்கு இந்தக் கதி வந்ததற்கு, ஓராண்டு காலம் மூடி மூடியாக நான் ஊற்றிய கண்டிஷனருக்குப் பெரும் பங்கு உண்டு.

[காட்சி: மழை, வீட்டுக்குள் கட்டிய கொடியில் ஈரத் துணிகள், எதிரே சுழலும் மின்விசிறி.]

கடைசியாக, காயவைத்தல். ஈரம் போகாமல் கிடக்கும் துணியில் எழும் முடை நாற்றத்துக்கு மோராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். துவைத்த துணியிலும் பிழைத்திருக்கும் அது, காய்வதற்கு நேரம் எடுக்க எடுக்கப் பெருகும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் காயப்போடும்போது துணிகளை நெருக்கி அடுக்காமல், இடைவெளி விட்டு, மின்விசிறியை நேராக வையுங்கள். வெயில் இருக்கும் நாட்களில் உட்புறத்தைத் திருப்பிப் போட்டால் அக்குள் பகுதிக்குப் புற ஊதாக் கதிர் நேரடியாகக் கிடைக்கும், சாயமும் வெளுக்காது. சலவை இயந்திரம் பயன்படுத்துவோர், கதவின் இரப்பர் வளையத்தைத் துடைத்து, கதவைத் திறந்தே வைத்து, மாதம் ஒரு முறை துணியில்லாமல் வெந்நீரில் ஓட்டிவிடுவது நல்லது. துணிக்குப் பழியும், பாக்டீரியாவுக்கு இருப்பிடமும் அங்கேதான் பல வீடுகளில் தொடங்குகிறது.

[காட்சி: மீண்டும் இஸ்திரி மேசை.]

ஊறவைத்து, துவைத்து, வெயிலில் காய்ந்த அதே நீலச் சட்டை இது. மெல்லிய துணியைப் போட்டு, குறைந்த சூட்டில், அதே அக்குள் பகுதியில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுகிறேன். வெங்காய நெடி இல்லை. மூக்கைத் துணியோடு ஒட்டிவைத்து முகர்ந்தால் மட்டும் மிக இலேசான எண்ணெய் வாடை ஒன்று தெரிகிறது. ஓராண்டுப் படிவு ஒரே ஊறலில் முழுதும் போய்விடாது என்பதால், அடுத்த வாரம் இன்னொரு முறை ஊறவைக்கப் போகிறேன். மூன்றாவது முறைக்குப் பிறகும் வாடை நீடிக்கும் சட்டை என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை இப்போது இருசக்கர வாகனம் துடைக்கப் பயன்படுத்துகிறேன்.