பொடி டப்பாவும் பீட்சாக் கடையும்

நடுவர் அவர்களே, வணக்கம். தலைப்பு "பீட்சாவுக்கு ருசி தெருமுனைக் கடையிலா, வீட்டு சோபாவிலா?" எனக்கு முன்னால் பேசிய தம்பி சோபாவுக்காக உருகி உருகிப் பேசினார். வீட்டுக்கு வரவழைத்தால் செலவு குறைவாம், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாமாம், லுங்கியோடு சாப்பிடலாமாம். லுங்கி விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. நம் வேளச்சேரியில் சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதும் நிஜம்தான், அதையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் நான் பேசுவது நடந்து போகிற தூரத்தில் ஆறு மேசை போட்டு நடத்துகிற தெருக் கடையைப் பற்றி. அதற்கு எதற்கய்யா கார்?

தம்பி, நீங்கள் நெய் ரோஸ்ட்டைப் பார்சல் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருப்பீர்கள், ஒரே ஒரு தடவை. கல்லிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று கூம்பாக நின்றது, வீட்டுக்கு வந்து பிரித்தால் ஈரத்துண்டு மாதிரி மடிந்து கிடக்கும். பீட்சாவும் அதே ரகம்தான். அடுப்பிலிருந்து வந்த சூட்டில் தக்காளியிலிருந்தும் சீஸிலிருந்தும் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கிறது. தட்டில் வைத்தால் அது பாட்டுக்கு மேலே போய்விடும், அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் எங்கே போகும்? மூடியில் முட்டித் திரும்பி வந்து ரொட்டியிலேயே இறங்கும். பெட்டி ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டிருக்கிறார்களே, அது அழகுக்கு இல்லை, ஆவி வெளியே போகத்தான். ஆனால் அத்தனை ஆவிக்கு அது எந்த மூலைக்கு? விஜயநகர் சிக்னலில் நின்று, மேடு பள்ளமெல்லாம் குலுங்கி வந்து சேர்வதற்குள் அடிப்பக்கம் நமத்துவிடும், மேலே மொசரெல்லா சீஸ் ஆறி ரப்பராகிவிடும். சீஸ் நூல் நூலாக இழுபடுவதெல்லாம் சூடு இருக்கும் வரைக்கும்தான்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. பீட்சாவின் பிறந்த வீடான இத்தாலியின் நேபிள்ஸில் 1984இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து விதி எழுதி வைத்திருக்கிறார்கள். விறகு அடுப்பு 400 டிகிரிக்கும் மேல் காய வேண்டும், பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வர வேண்டும், அப்புறம், எதிரணி நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கடையிலேயே சாப்பிட வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. நம் தெருக் கடையில் விறகும் இல்லை, யுனெஸ்கோவும் இல்லை, கரன்ட் அடுப்புதான், பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டுமே, அங்கிருந்து என் தட்டுக்குப் பத்தடி தூரம்.

செலவு பற்றிச் சொன்னார். சாப்பாடு வரவழைக்கும் போன் ஆப்பில் பேக்கிங்குக்குத் தனி, கொண்டுவரத் தனி, பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று ஒன்று தனி. கடையில் தண்ணீரே சும்மா கொடுக்கிறார்கள். இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

என் அம்மாவுக்கு 71 வயது. வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்து சுட்ட சப்பாத்தி மேல தக்காளித் தொக்கைத் தடவி வச்சிருக்கான்" என்று சொல்லித் தயிர்சாதம் பிசையப் போய்விட்டார். ஒருநாள் எங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் போனதால் வேறு வழியில்லாமல் கடைக்கே கூட்டிப்போனேன். நேராக அடுப்புப் பக்கம் போய்ப் பையனிடம், "பூண்டு வேண்டாம்பா, பச்சை மிளகாய் கூடப் போடு, நல்லா முறுகட்டும்" என்றார். முறுக வைத்துக் கொடுத்தான். ஆப்பிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது, நானும் எத்தனையோ தடவை "பூண்டு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன், பூண்டோடுதான் வந்திருக்கிறது.

அடுத்த வாரம் போனோம். அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். இட்லிப் பொடி! மேசையில் மிளகாய்த் தூள் பொட்டலம் இருக்க, பீட்சா மேல் பொடியைத் தூவுகிறார். எனக்கு மானம் போனது, திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். பையன் எட்டிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் எனக்கும்" என்று கையை நீட்டினான். இப்போது நாங்கள் வாசல் ஏறும்போதே, "பொடி கொண்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்கிறான். இந்தக் கேள்வியை எந்த சோபாவய்யா கேட்கும்?

மணி அடித்துவிட்டீர்கள், சரி, முடித்துவிடுகிறேன். தீர்ப்பை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. கடையில் ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொண்டு அம்மா டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார், ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.