பெருவிரல் நகமும் ஒரு எலுமிச்சங்காயும்

நேயர்களுக்கு வணக்கம். போன கிழமை ஒரு பள்ளிக்கூடப் பொடியன் நொண்டிக்கொண்டு வந்தான். கால் பெருவிரலில் ஒரு எலுமிச்சங்காய் செருகியிருந்தது. நகச்சுத்து என்று அம்மம்மா மாட்டிவிட்டாவாம். காயைக் கழற்றினால் விரலின் ஒரு பக்கம் சிவந்து வீங்கி, நகத்தின் மேலே சதை மூடி, சிதழ் கசிந்துகொண்டிருந்தது.

இது நகச்சுத்து இல்லை. நகத்தின் ஓரம் முள்ளுப்போல சதைக்குள் ஏறியிருக்கிறது. நகத்தின் மூலையை வளைத்து ஆழமாக வெட்டும்போது உள்ளே ஒரு கூர் மிஞ்சும். நகம் வளர வளர அது சதையைக் குத்திக்கொண்டு முன்னே போகும். இறுக்கமான சப்பாத்தும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, நக ஓரத்தின் கீழே சிறு பஞ்சுத் திரியை வைத்தாலே போதும். திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் குளித்தால் மாறுமா என்று கேட்கிறார்கள். சுடுதண்ணீர் சதையை இளக்கும், முள்ளை எடுக்காது.

முற்றிவிட்டால் சின்னச் சத்திரசிகிச்சை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் லிக்னோகெயின் ஊசி போட்டு விறைக்கவைப்போம். நோ எல்லாம் அந்த ஊசியோடு சரி. இரத்தம் வராமல் விரலடியில் ஒரு இறப்பர் வளையம். முழு நகத்தையும் பிடுங்கிவிடுவார்களோ என்றுதான் பலர் பயந்து ஒளிக்கிறார்கள். அப்படியில்லை, குத்துகிற ஓரத்தை மட்டும் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு நீளவாக்கில் கீறி எடுப்போம். பிறகு அந்த ஓரத்தின் வேரில் பீனோல் தடவுவோம். அது அந்த இடத்து வேரை எரித்துவிடும், அந்தக் கீற்று திரும்ப முளைப்பது அரிது. வெறுமனே நகத்தைக் கழற்றிவிட்டால் அது வளர்ந்து மறுபடியும் குத்தக்கூடும். அப்படி இரண்டு தரம் கழற்றியவர்களையும் கண்டிருக்கிறேன். முடிந்ததும் வளையத்தை மறக்காமல் வெட்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும்!

நீரிழிவுக்காரர் வீட்டில் பிளேட்டால் கிண்டவே கூடாது. அவர்களுக்கு முதலில் காலின் இரத்தவோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கைவைப்போம்.

பொடியன் நேற்றுக் கட்டு மாற்ற வந்தான். இன்னும் நீர் கசிகிறது. பீனோல் வைத்த காயம் இரண்டு மூன்று கிழமைக்கு அப்படித்தான் இருக்கும். காயம் ஆறும்வரை கடலில் இறங்காதே, பந்தும் உதைக்காதே என்றேன். யோசித்துவிட்டுக் கேட்டான்: "கோல் காப்பாளரா நிக்கலாமோ டொக்டர்?"