நாய் வாத்தியாரின் வாழ்த்து அட்டை வகுப்பு

(வாழ்த்து அட்டை ஓவியம் பழகும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சித் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு நாய், மற்ற நாய்களுக்கு வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுக்கிறது. வரைந்த படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே வரும்போதே நின்று பார்த்தேன். கோடு நன்றாக இருக்கிறது, வண்ணமும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் மூக்குக்கண்ணாடி போட்ட நாய் கரும்பலகை முன்னால் பிரம்போடு நிற்கிறது. எதிரே நாய்கள் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. அந்த நாய்த் தலைகளை எடுத்துவிட்டு மனிதத் தலைகளை வைத்தாலும் படம் அப்படியேதான் இருக்கும். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

விலங்குக்கு மனித வேலை கொடுத்துச் சிரிக்கும் வழக்கம் அட்டைக் கலையோடு சேர்ந்தே வளர்ந்தது. லண்டனில் 1843இல் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையில் விருந்துண்ணும் மனிதக் குடும்பம்தான் இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தவளை, பூனை, நாய் எல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு அட்டைக்குள் புகுந்துவிட்டன. அதே இங்கிலாந்தில் வால்டர் பாட்டர் என்பவர் செத்த முயல்குட்டிகளைக் கெடாமல் பதப்படுத்தி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தையே கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்தார். சிலேட்டுடன் கணக்குப் போடும் முயல்கள். பலருக்கு அது அழகு. எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அதைவிட, பென்சில்வேனியாக்காரர் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் செய்த வேலை மேல். உயிருள்ள நாய்க்குட்டிகளுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் உடை உடுத்தி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அவை அசையாமல் இருக்கும்போது படமெடுத்து அஞ்சலட்டை ஆக்கினார். குட்டி எப்போது ஓடிவிடுமோ என்ற பதற்றம் அந்தப் படங்களில் தெரியும். அதனால்தான் அவற்றில் உயிர் இருக்கிறது.

நாய்களில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால் அமெரிக்க ஓவியர் கூலிட்ஜுக்குத்தான் கொடுப்பேன். 1903இல் ஒரு விளம்பர நாட்காட்டி நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நாய்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துச் சீட்டாட விட்டாரே, அவர்தான். கலை விமர்சகர்கள் அவரை மதித்ததில்லை. இருந்தும் அவர் அதற்கு முன்பே 1894இல் வரைந்த சீட்டாட்டப் படம் ஒன்று 2015இல் நியூயார்க் ஏலத்தில் 6,58,000 டாலருக்குப் போனது. அவருடைய புகழ்பெற்ற படத்தில் ஒரு புல்டாக் மேசைக்கு அடியில் காலால் ஏஸ் சீட்டைப் பக்கத்து நண்பனுக்குக் கடத்துகிறது. அந்தக் காலைக் கவனியுங்கள். ஏமாற்றுவது மனித வேலை. பிடித்திருப்பது நாயின் கால்விரல். தொங்கிய கன்னமும் கனத்த தோளும் நாயுடையவை. மனிதத்தனத்தை மேசைக்கும் சுருட்டுக்கும் கொடுத்துவிட்டு, உடம்பை நாயிடமே விட்டுவைத்தார்.

உங்கள் வகுப்பிலும் அப்படி விட்டுவைக்க நிறைய இருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிராகப் பிடிக்கக் கட்டைவிரல் இல்லாத பாதம் அதை என்ன செய்யும்? பல்லால் கிழிக்கும். கிழித்த ஓரம் வேண்டும் என்று நாமே காகிதத்தைப் பக்குவமாகக் கையால் கிழித்து ஒட்டுவதில்லையா, நாய்க்கு அது இயல்பாக வந்துவிடுகிறது. மடிப்பை அழுத்திக் கூர்மையாக்க நாம் வைத்திருக்கும் மடிப்புக்கோல் இருக்கிறதே, பழைய முறைப்படி செய்தது என்றால் அது மாட்டெலும்பு. கோதுமைப் பசையையும் சேர்த்தால் பாதிக் கருவிப்பெட்டி அங்கே சாப்பாடு. வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடத்தில் என்ன மிச்சமிருக்கும் என்பதை ஒருவர்கூட வரையவில்லையே!

வண்ணத்திலும் நாயை மறந்துவிட்டீர்கள். சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையும். நாயின் கண்ணில் வண்ணம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் மங்கிய மஞ்சள், பழுப்புச் சாயல்களாகக் கலந்துபோகும். நாய் செய்யும் கிறிஸ்துமஸ் அட்டையில் அந்த இரண்டு தாளும் அலமாரியிலேயே தூங்க வேண்டும்.

இனி வாத்தியார். நாய் கற்றுக்கொடுக்குமா? விலங்குகளிடையே கற்பித்தல் என்பதற்கு 1992இல் காரோ, ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வரையறை வகுத்தார்கள். தெரியாதவன் எதிரில் இருக்கும்போது மட்டும் ஆசிரியர் தன் நடத்தையை மாற்ற வேண்டும், அதனால் அவருக்கு உடனடி லாபம் இருக்கக் கூடாது, மாணவன் அதன் பயனாகக் கற்க வேண்டும். கலஹாரிப் பாலைவனத்தில் மீர்கட் என்ற கீரி இன விலங்கு இதில் தேறியிருக்கிறது. சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொடுக்கும். வளர வளரக் கொடுக்கை நீக்கிய தேள், கடைசியில் முழுத் தேள். நம்முடைய பாடத்திட்டங்கள் சில இவ்வளவு ஒழுங்காக இல்லை.

நாய் இந்த வகையில் வாத்தியார் அல்ல. ஆனால் மாணவனாக அது கெட்டி. தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. தாய் போதைப்பொருளைத் தேடியெடுப்பதைப் பார்த்து வளர்ந்த குட்டிகள், பார்க்காத குட்டிகளைவிட ஆறாம் மாதத்தில் அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தன. தாய் பாடம் நடத்தவில்லை. தன் வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான். 2007இல் வியன்னாவில் ஒரு பார்டர் கோலி நாயைப் பழக்கி, மற்ற நாய்கள் பார்க்க ஒரு கட்டையைப் பாதத்தால் இழுக்கவைத்தார்கள். இழுத்தால் பெட்டியிலிருந்து தீனி விழும். நாய்கள் வாயால் இழுக்கவே விரும்பும். ஆனாலும் பழக்கிய நாயின் வாய் காலியாக இருந்தபோது பார்த்தவை பெரும்பாலும் பாதத்தையே பயன்படுத்தின. வாயில் பந்தைக் கவ்விக்கொண்டு இழுத்தபோது பார்த்தவையோ பெரும்பாலும் வாய்க்கே திரும்பிவிட்டன. ‘அதற்கு வாய் ஒழியவில்லை, எனக்கென்ன’ என்று யோசித்தது போல! பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது இந்த நுணுக்கம் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கரும்பலகையை அழித்துவிடுங்கள், பிரம்பையும்தான். வாத்தியார் நாய் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரையும் பொருட்படுத்தாமல் தன் அட்டையை மடித்துக்கொண்டிருக்கட்டும். மாணவர்கள் அதன் தோளுக்கு மேலே மூக்கை நீட்டட்டும். இன்னொன்று: வியன்னாப் பெட்டியிலிருந்து தீனி விழாவிட்டால் அங்கே ஒரு நாயும் கட்டையைத் தொட்டிருக்காது. உங்கள் வகுப்பிலும் மடித்து முடித்த அட்டைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட்டாவது விழ வேண்டும். அதை அட்டைக்குள் எப்படி ஒளித்து வைப்பது, மாணவர்கள் மோப்பம் பிடிக்காமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் உங்கள் பாடு. வணக்கம்.