பேர் விழாதவர்களின் பாதை

(இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நடந்து போய்ச் சாமி கும்பிடுவதைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர் பௌர்ணமி வந்துவிட்டால் சிவனொளிபாத மலையின் விளக்குச் சரம் நம் லயத்து வரிசை வீடுகளின் வாசலிலிருந்தே தெரியும். வெசாக் பௌர்ணமி வரைக்கும் அணையாது. 2,243 மீட்டர் உயரத்தை ராத்திரியோடு ராத்திரியாக ஏறி, மணியடித்துவிட்டு, மறுநாள் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போன தாத்தாமாரின் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம்மை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்த பாதை ஒன்று இருக்கிறதே, அதில் நாம் நடப்பதில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1820-களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டபோது, ஆள் சேர்த்தது அக்கரையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. பஞ்சத்தில் அடிபட்டு, ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள். வாந்திபேதி, அம்மை, மலேரியா, தண்ணீர் இல்லாத காடு. விழுந்தவரைத் தூக்கிப் போக யாருக்கும் தெம்பில்லை. விழுந்த இடமே அவருக்கு இடமாகிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். பறித்து முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அதே காட்டு வழியாக. அப்படி ஒரே பாதையைப் பலமுறை மிதித்த கால்கள் உண்டு. 1869-இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும். அப்புறம்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினோம். நாம் மலையகத்தார் ஆனதற்கு அந்தச் செடியின் சுபாவமும் ஒரு காரணம்.

2023-இல், நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடை நடந்தது. ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, சுமார் 250 கிலோமீட்டர். அதைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து என் அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். "என்னை ஒரு மூணு நாளாவது நடத்திக் கூட்டிட்டுப் போடா" என்றார். அடுத்த வருஷம் அத்தை, என் மகள், நான், மூன்று பேரும் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடுகிற தூரம்.

முதல் நாள் வெயில் கொன்றது. தார் ரோட்டின் சூடு ரப்பர் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பத்து மணிக்கு அத்தை நின்றுவிட்டார். கால் வலிக்கிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரம் ஒரு மரத்தில் காய்ந்த இலைக்கொப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. காட்டு வழி போகிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று பிள்ளையாருக்குக் கொப்பு முறித்துத் தொங்கவிடுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. சிங்கள சனங்களும் கண தெய்யோ என்று சொல்லி அதையேதான் செய்கிறார்கள். அத்தையும் ஒரு கொப்பை முறித்தார், கொழுந்து கிள்ளுகிற அதே விரல்களால். மாட்டிவிட்டுச் சொன்னார்: "மலைக்கு வந்து சேர்ந்தவங்களுக்காவது செக்ரோல்ல பேர் விழுந்துச்சு. வழியில போனவங்களுக்கு அரைப்பேர்கூட விழலையே."

செக்ரோல் என்பது தோட்டத்து வருகைப் பதிவேடு; அதில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அரை நாளுக்கு அரைப்பேர். என் மகள் நோட்டை எடுத்து அத்தை சொன்னதை எழுதிக்கொண்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எத்தனையோ கூட்டங்களில் இந்த வரலாற்றைப் பேசியிருக்கிறேன், ஒரு நாளும் அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

நாவுலவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீட்டு வேலியோரம் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். மூடி மேல் ஒரு தகரக் குவளை கவிழ்த்திருந்தது. பின்தாலிய என்பார்கள், நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, வழிப்போக்கருக்கு வைக்கிற புண்ணியம். குடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டம்மா வெளியே வந்து, அத்தையின் காலைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். பெலிமல் என்கிற வில்வப்பூ போட்டுக் காய்ச்சிய தண்ணியும் ஒரு துண்டு ஹக்குருவும், அதாவது கருப்பட்டியும், தந்தார். ஏன் நடக்கிறோம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தோட்டத்துக் கிணற்றடியைக் காட்டி, அங்கே பழைய காலத்தில் வழிநடையாக வந்தவர்கள் தங்குவார்கள் என்று தன் பாட்டி சொன்னதாகச் சொன்னார். நம் பாதை அந்த ஊர்க்காரர்களின் ஞாபகத்திலும் கிடக்கிறது. வேனில் போனால் இது கிடைக்குமா?

நாலந்தா தாண்டியதும் காற்று மாறியது. மிளகுக் கொடியும் கொக்கோவும் தெரிய ஆரம்பித்தன. அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்தக் குளிர் மூஞ்சில பட்டதும் அவங்க என்ன நெனச்சிருப்பாங்க" என்றார். மூன்றாம் நாள் அலுவிகாரையைக் கடந்து, மாத்தளை முத்துமாரியம்மன் வாசலில் செருப்பைக் கழற்றினோம். அந்த வாசலில் அத்தை அழுத அழுகையை நான் விவரிக்கப் போவதில்லை.

என் வேண்டுதல் இதுதான். அந்தப் பாதையையும் ஒரு யாத்திரையாக எடுத்துக்கொள்வோம். ஒரு முறை நடந்துவிட்டு விட்டுவிடாமல், சிவனொளிபாதத்துக்குப் போவதைப் போல வருஷா வருஷம். முழுத் தூரமும் முடியாதவர்கள் மூன்று நாள் நடக்கலாம், அதுவும் முடியாதவர்கள் கடைசி ஒரு நாள். அவர்களுக்குச் சிலை வைப்பதை நான் குறை சொல்லவில்லை, வைக்கட்டும். நடந்து செத்தவர்களுக்கு நடந்துதான் திதி கொடுக்க முடியும் என்பது என் மனதில் பட்டது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். மாசி மகத்துக்கு மாத்தளையில் பஞ்சரத பவனி. அன்றைக்குக் காலையில் கோயிலில் இருக்கிற மாதிரி, தம்புள்ளையில் கிளம்புகிறோம். முதல் ராத்திரி நாவுல, இரண்டாம் ராத்திரி பலாபத்வல. புதுச் செருப்பு போடாதீர்கள், காலைக் கடித்துவிடும். வெயிலுக்கு முன், ஐந்து மணிக்கே நடக்கத் தொடங்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், கையில் ஒரு நோட்டும் கொடுத்துவிடுங்கள். வருகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இன்றைக்குப் பேர் கொடுக்கலாம்.

அத்தைக்கு இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்கிறார். ஆனால் நாவுல வீட்டம்மாவுக்குக் கொடுக்கவென்று ஒரு கிலோ தேயிலையைப் பழைய சேலைத் துணியில் முடிந்து, போன வாரமே கதவோரம் வைத்துவிட்டார்.